ஒரே எஞ்சின், இரண்டு வேலை: ஸ்போர்ட்ஸ் காரைச் சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் மேம்படுத்தும் கணக்கு

ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை மேம்படுத்தப் புறப்படுபவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன் கூடும்?" என்பதுதான். உதிரிபாகம் விற்பவரும் அந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார். பணம் செலவாகி, எண்ணும் கூடிய பிறகு, கார் பந்தயத் தடத்தில் இரண்டு சுற்று சீறிவிட்டு மூன்றாவது சுற்றில் சோர்ந்துபோகிறது. இன்னொரு கார் தடத்தில் நன்றாக ஓடுகிறது. சாலையில் சிக்னலில் நிற்கும்போது இருமுகிறது, முந்திச் செல்ல மிதித்தால் இழுக்க மறுக்கிறது. வேறு சில, பேரிங் போய் இழுவை வண்டியில் ஏறுகின்றன.

மூன்றும் தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். உச்சக் குதிரைத்திறன் என்பது ஒரு கணத்தின் அளவு. அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் எஞ்சின் என்ன செய்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

## காற்றில் தொடங்கும் கணக்கு

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எரிபொருளைக் கூட்டுவது எளிது. பெரிய இன்ஜெக்டரும் பம்பும் போதும். காற்றைக் கூட்டுவதுதான் கடினம். ஆகவே எஞ்சின் மேம்பாடு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி, கூடுதல் காற்றை உள்ளே கொண்டுவந்து, எரிந்ததைத் தடையின்றி வெளியேற்றும் வேலை.

2 லிட்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவும் நிரம்பும். 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுழற்சி) நிமிடத்துக்குச் சுமார் 7,000 லிட்டர், அதாவது 8.4 கிலோ காற்று உள்ளே போகிறது. முழு மிதியில் கலவையில் பெட்ரோல் சற்றே கூடுதலாக இருக்கும் என்பதால், அதோடு சேர்ந்து 650 கிராமுக்குக் குறையாமல் பெட்ரோலும் செலவாகிறது. அந்த எரிபொருளின் வெப்ப ஆற்றல் 450 கிலோவாட்டுக்கு மேல். கிராங்க் ஷாஃப்ட்டில் (எஞ்சினின் சுழல்தண்டில்) வேலையாகக் கிடைப்பது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு: 150 கிலோவாட், சுமார் 200 குதிரைத்திறன்.

மீதி 300 கிலோவாட்? எக்ஸ்ஹாஸ்ட் குழாய் வழியாகவும், கூலன்ட் வழியாகவும், ஆயில் வழியாகவும் வெளியேற வேண்டிய வெப்பம் அது. எந்த விளம்பரத்திலும் இந்த எண் இருக்காது. சக்தியை 30 சதவீதம் கூட்டினால் இதுவும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும்.

## முறுக்குவிசை, குதிரைத்திறன்

முறுக்குவிசை என்பது கிராங்க் ஷாஃப்ட்டைத் திருகும் பலம். குதிரைத்திறன் என்பது அந்தப் பலம் எவ்வளவு வேகமாகச் சுழன்று வேலை செய்கிறது என்பது. முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 200 நியூட்டன் மீட்டர் 3,000 ஆர்பிஎம்மில் 63 கிலோவாட். அதே 200 நியூட்டன் மீட்டர் 7,000 ஆர்பிஎம்மில் 147 கிலோவாட்.

ஆகவே சக்தியைக் கூட்ட இரண்டே வழிகள்தான். ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதலாகக் காற்றைத் திணிக்கலாம். அல்லது ஒரு நிமிடத்தில் கூடுதல் சுழற்சிகள் சுற்ற வைக்கலாம். இரண்டாவது வழிக்கு விலை அதிகம். பிஸ்டனும், அதைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் மேலும் கீழும் திரும்பும்போது ஏற்படும் விசை, ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 7,000இலிருந்து 8,000க்குப் போனால் சுழற்சி 14 சதவீதம்தான் கூடுகிறது. ராட் போல்ட்டை இழுக்கும் விசையோ 30 சதவீதம் கூடுகிறது.

மஸ்தா நிறுவனம் எம்எக்ஸ்-5 காரின் 2 லிட்டர் எஞ்சினை 2019 மாடலுக்காகத் திருத்தியபோது செய்ததைப் பாருங்கள். சிவப்புக் கோட்டை, அதாவது எஞ்சின் சுழலக்கூடிய ஆர்பிஎம்மின் உச்ச வரம்பை, 6,800இலிருந்து 7,500க்கு உயர்த்துவதற்காக ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராம், ஒவ்வொரு கனெக்டிங் ராடிலும் 41 கிராம் எடை குறைத்தது. 700 ஆர்பிஎம் கூட்டுவதற்குத் தயாரிப்பாளரே உள்பாகங்களை மாற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிச் சிவப்புக் கோட்டை உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இந்த 27 கிராமை நினைத்துக்கொள்ளலாம்.

ஹோண்டா எஸ்2000 எதிர்த்திசைக்கு எடுத்துக்காட்டு. முதலில் வந்த 1,997 சிசி எஞ்சின் 9,000 ஆர்பிஎம் வரை சுழன்றது. 84 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில்) அந்த வேகத்துக்குச் சராசரிப் பிஸ்டன் வேகம் வினாடிக்கு 25.2 மீட்டர், சாலைக் கார் ஒன்றுக்கு இது மிக அதிகம். 2004இல் அமெரிக்கச் சந்தைக்கு ஹோண்டா ஸ்ட்ரோக்கை 90.7 மில்லிமீட்டராக நீட்டி, கொள்ளளவை 2,157 சிசியாக்கி, சிவப்புக் கோட்டை 8,000க்கு இறக்கியது. உச்சக் குதிரைத்திறன் அங்கே 240ஆகவே இருந்தது. முறுக்குவிசை 6 சதவீதம் போலக் கூடியது; அதன் உச்சம் 7,500 ஆர்பிஎம்மிலிருந்து 6,500க்கு இறங்கி வந்தது. விளம்பர எண் அப்படியே இருக்க, ஓட்டுபவருக்குக் கிடைக்கும் எஞ்சின் மாறிவிட்டது. பழைய 9,000ஐ இழந்ததற்காக வருந்தும் ரசிகர்கள் இன்றும் உண்டு. அவர்கள் இழந்தது பெரும்பாலும் ஓசை என்பது என் கருத்து.

## சாலை கேட்பதும் தடம் கேட்பதும்

மணிக்கு 100 கிலோமீட்டரில் சமதளச் சாலையில் சீராகப் போக, ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு 12 முதல் 15 கிலோவாட் போதும். 200 குதிரைத்திறன் எஞ்சினின் திறனில் அது பத்தில் ஒரு பங்கு. சாலையில் முழு ஆக்ஸிலரேட்டர் என்பது சில வினாடி விஷயம்: ஒரு லாரியை முந்த, ஒரு நெடுஞ்சாலையில் இணைய. அப்போது எஞ்சின் இருப்பது 2,500க்கும் 4,500க்கும் இடையில். அந்த இடத்தில் இழுவை இருந்தால் கார் உயிர்ப்போடு இருப்பதாகத் தோன்றும்.

தடத்தில் ஆர்பிஎம் கீழே இறங்குவதே இல்லை. கியரைச் சரியாகப் பயன்படுத்தும் ஓட்டுநர் 4,500க்கும் சிவப்புக் கோட்டுக்கும் இடையிலேயே வைத்திருப்பார். நேர்ப்பாதை முழுவதும் முழு மிதி. இருபது நிமிட அமர்வில் எஞ்சினுக்கு ஓய்வு கிடைப்பது பிரேக் பிடிக்கும்போது மட்டும். சாலையில் ஒருபோதும் சூடேறாத பாகங்கள் தடத்தில் முதல் பத்து நிமிடத்திலேயே தம் எல்லையைத் தொடுகின்றன.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தேவை உண்டு: மிதிக்கு உடனே பதில். வளைவின் நடுவில் காலைச் சற்றே அழுத்தும்போது, கேட்ட அளவு மட்டும், கேட்ட கணத்தில் வர வேண்டும். அரை வினாடி தாமதித்து மொத்தமாக வந்து விழும் சக்தி, ஈரச் சாலையில் ஆபத்து, தடத்தில் நேர விரயம்.

## ஆயில்: எஞ்சின் சாவது பெரும்பாலும் இங்கேதான்

கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. இடையில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமனுள்ள ஆயில் படலம் இருக்கிறது. பம்ப் தொடர்ந்து ஆயிலை அனுப்பும்வரை அந்தப் படலம் டன் கணக்கான சுமையைத் தாங்கும். அனுப்புவது நின்றால் சில வினாடிகளில் கதை முடிந்தது.

பெரும்பாலான சாலைக் கார்களில் ஆயில் எஞ்சினின் அடியில் உள்ள சம்பில் தேங்கி நிற்கும். ஒரு குழாய் அதை உறிஞ்சி மேலே அனுப்பும். கார் வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசை ஈர்ப்பு விசைக்குச் சமமானால், அதாவது 1 ஜி ஆனால், சம்பில் உள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்கிறது. சாலை டயரில் இந்த அளவை எட்டுவதே அபூர்வம். தடத்துக்கான ஒட்டும் டயர்களைப் போட்டால் ஒவ்வொரு வேக வளைவிலும் அதைத் தாண்டிப் போகும். நீண்ட வளைவில் நான்கைந்து வினாடி இப்படிச் சாய்ந்தே நின்றால், உறிஞ்சுகுழாயின் வாய் ஆயிலை விட்டு வெளியே வந்து காற்றைக் குடிக்கத் தொடங்கும். அழுத்தமானி பொருத்தியிருந்தால் 4 பாரில் நின்ற முள் வளைவின் பாதியில் சரிவதையும், நேரானதும் துள்ளி மீள்வதையும் பார்க்கலாம். டாஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கு இதைக் காட்டாது. அது அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போனால் மட்டுமே எரியும்படி அமைக்கப்பட்டது.

ஒருமுறை நடந்தால் எஞ்சின் உடனே நின்றுவிடாது. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பேரிங்கின் மேல்பூச்சு ஒவ்வொரு முறையும் சிறிது தேயும். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பேரிங் ஓடுகளின் நடுவில் செம்பு நிறத் திட்டு தெரிந்தால், மேல்பூச்சு போய் அடியில் உள்ள அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

தீர்வுகள் விலையின் ஏறுவரிசையில்: சம்புக்குள் ஆயில் ஓடிவிடாமல் தடுக்கும் தடுப்புத் தகடுகள், அழுத்தம் விழும்போது சேமித்துவைத்த ஆயிலைச் செலுத்தும் சிறு கலன், கடைசியாக, ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்து, சம்பை எப்போதும் உறிஞ்சிக் காலியாக்கும் டிரை சம்ப். சாலைக்கும் தடத்துக்கும் பயன்படும் காருக்குப் பெரும்பாலும் தடுப்புத் தகடும், முழு அளவுக்கு நிரப்பிய ஆயிலும் போதும்.

ஆயிலின் வெப்பமும் முக்கியம். 100 முதல் 110 டிகிரி செல்சியஸ் வேலைக்கு ஏற்ற நிலை. 130ஐத் தாண்டினால் ஆயில் நீர்த்து, படலம் மெலிந்து, அழுத்தம் இறங்கும். ஆயில் கூலர் போடுபவர்கள் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் ஆயில் சூடாகவே ஆகாது. குளிர்ந்த ஆயிலும் தேய்மானத்தைக் கூட்டும்.

## சக்தியைக் கூட்டும் வழிகள்

1. காற்றுக் குழாய், எக்ஸ்ஹாஸ்ட், மென்பொருள். டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் விசிறி) இல்லாத நவீன எஞ்சினில் இவை மூன்றும் சேர்ந்தாலும் உச்ச சக்தி பெரிதாகக் கூடாது. தயாரிப்பாளர் ஏற்கெனவே கறந்தது போகச் சொற்பமே மிச்சம். ஆனால் முறுக்குவிசை வளைகோட்டின் பள்ளங்களை நிரப்ப இவை உதவும். முதல் தலைமுறை டொயோட்டா 86 காரின் 1,998 சிசி எஞ்சினில் 4,000 ஆர்பிஎம்மை ஒட்டி ஒரு முறுக்குவிசைப் பள்ளம் இருந்தது. எக்ஸ்ஹாஸ்ட் ஹெடரை (சிலிண்டர்களிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதியை) மாற்றி, மென்பொருளைத் திருத்தினால் அது வெகுவாகக் குறையும். டைனோ (காரின் சக்தியை அளக்கும் கருவி) தரும் தாளில் உச்ச எண் சிறிதே மாறியிருக்கும். ஓட்டும்போது வேறு காராகத் தெரியும்.

2. கேம் ஷாஃப்ட். வால்வுகள் எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் திறந்திருக்கும் என்பதை இது தீர்மானிக்கிறது. நீண்ட நேரம் திறக்கும் கேம் உச்ச வேகத்தில் நன்றாக மூச்சுவிடும். கீழ் ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றே திரும்ப வெளியேறும். ஐட்லிங் தள்ளாடும், பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடமும் குறையும். சாலையில் இருமும் கார் பெரும்பாலும் இந்த வகை. தினமும் சாலையில் ஓடும் காருக்குக் கடுமையான கேம் வேண்டாம் என்றே சொல்வேன்.

3. கொள்ளளவு. பழைய வழி, நம்பகமான வழி. டொயோட்டாவும் சுபாருவும் அதே 86 காரின் அடுத்த தலைமுறைக்கு டர்போ போடாமல், சிலிண்டர் விட்டத்தை 86இலிருந்து 94 மில்லிமீட்டராக்கி 2,387 சிசிக்குப் போயின. முறுக்குவிசை 205இலிருந்து 250 நியூட்டன் மீட்டரானது. அதைவிட முக்கியம், 6,400இல் இருந்த உச்சம் 3,700க்கு வந்துவிட்டது. தனிநபர் இதைச் செய்ய எஞ்சினைப் பிரிக்க வேண்டும். பிளாக்கில் அதற்கு இடமும் வேண்டும்.

4. டர்போ, சூப்பர்சார்ஜர். மிகப் பெரிய பலன் இங்கேதான், மிகப் பெரிய சிக்கலும் இங்கேதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதுபோல, அழுத்தப்பட்ட காற்று சூடாகும். 25 டிகிரி காற்றை வளிமண்டல அழுத்தத்தைப்போல இரு மடங்காக அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரில் அது 120 டிகிரியை நெருங்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இரண்டு மடங்கு அழுத்தத்தில் ஒன்றரை மடங்கு காற்றுதான் கிடைக்கும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்கு இறக்கினால் 1.8 மடங்கு கிடைக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் மூன்றாவது சுற்றில் காணாமல்போகும் சக்தி. இன்டர்கூலர் சூடாகிவிட்டால், கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற இக்னிஷனை (தீப்பொறி எழும் நேரத்தை)ப் பின்தள்ளும். கிராங்க் ஷாஃப்ட்டால் சுற்றப்படும் சூப்பர்சார்ஜரில் டர்போ தாமதம் கிடையாது. அதைச் சுற்றுவதற்கே எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதி செலவாகும்.

தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த கார்களில் மென்பொருள் மாற்றம் மட்டுமே 20 சதவீதம்வரை கூட்டிவிடும் என்பது உண்மை. டர்போ தரும் பூஸ்ட் அழுத்தத்தைத் தயாரிப்பாளர் பாதுகாப்புக்காகக் குறைத்து வைத்திருப்பார். அந்த இடைவெளி வீணாக விடப்பட்டதல்ல. மோசமான பெட்ரோல், வெயில், மலையேற்றம், கவனிப்பில்லாத உரிமையாளர் என்று எல்லாவற்றுக்குமான இருப்பு அது. சாலையில் அதைச் செலவழிக்கலாம். தடத்துக்குப் போகும் காரில் பாதியையாவது மிச்சம் வைப்பது நல்லது.

## நாக்கிங் என்னும் எல்லை

ஸ்பார்க் பிளக்கில் தொடங்கும் தீ, சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவ வேண்டும். அழுத்தமும் வெப்பமும் மிகுந்தால், தீ வந்து சேரும் முன்பே மூலையில் உள்ள கலவை தானாக வெடிக்கும். அந்த அதிர்வலைதான் நாக்கிங். ஆக்டேன் எண் என்பது எரிபொருள் இதை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் எண், இரண்டு சோதனை முறைகளின் சராசரி. மற்றப் பல நாடுகளில் எழுதுவது ஆர்ஓஎன் என்ற ஒரே முறையின் எண். அது நான்கைந்து புள்ளி கூடுதலாக இருக்கும். அமெரிக்காவின் 93 மற்ற இடங்களில் ஏறத்தாழ 98. இதை அறியாமல் ஒரு நாட்டின் மென்பொருளை வாங்கி, வேறு நாட்டில் 93 என்று எழுதிய பெட்ரோலை ஊற்றுபவர், தன் எஞ்சினை நாக்கிங்கின் விளிம்பில் ஓட்டுகிறார்.

சைலன்சர் ஓசையிலும் ஹெல்மெட்டுக்குள்ளும் நாக்கிங் காதில் விழாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கான் பகுதியை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். மிளகுத்தூள் தூவியதுபோன்ற கரும்புள்ளிகளோ மினுங்கும் மிகச் சிறு மணிகளோ இருந்தால் எச்சரிக்கை. மினுங்குவது அலுமினியம், பிஸ்டனின் தலையிலிருந்து வந்தது.

## டைனோ தாளைப் படிக்கும் முறை

டைனோவில் ஒரு முறை இழுப்பது பத்துப் பதினைந்து வினாடி வேலை. வெப்பம் தேங்குவதற்குள் முடிந்துவிடும். எனவே அது சாலையின் தேர்வு; தடத்தின் தேர்வு அல்ல. ஒரே காரை இடைவெளியில்லாமல் ஐந்தாறு முறை இழுத்து, கடைசித் தாளை முதல் தாளோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

சக்கரத்தில் அளந்த எண்ணையும் தயாரிப்பாளர் கிராங்க்கில் அளந்து சொல்லும் எண்ணையும் ஒப்பிடக் கூடாது. இடையில் 10 முதல் 15 சதவீதம் கியர்பாக்ஸிலும் டிஃபரென்ஷியலிலும் போய்விடுவது வழக்கம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே டயரில் அளந்தால்தான் வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு.

## எந்த வரிசையில் செய்வது

1. முதலில் உடல்நலச் சோதனை. கம்ப்ரஷன் சோதனையும், சிலிண்டர் கசிவுச் சோதனையும். தேய்ந்த எஞ்சினில் சக்தியைக் கூட்டுவது அதன் முடிவைத் தேதி குறித்து அழைப்பது.

2. ஆயில் அழுத்தம், ஆயில் வெப்பம், கூலன்ட் வெப்பம் காட்டும் மானிகள். சாதாரண வெப்பமானி முள் பரந்த எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. அதை நம்ப வேண்டாம்.

3. பிரேக். நேர்ப்பாதையின் முடிவில் வேகம் 180இலிருந்து 200 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 23 சதவீதம் கூடுகிறது. டாட் 4 பிரேக் ஃப்ளூயிட்டின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். பழைய ஃப்ளூயிட்டோடு தடத்தில் இறங்கினால், மிதி தரையைத் தொடும் நாள் வரும்.

4. ஆயில் கூலர், தடுப்புத் தகடு, தேவைப்பட்டால் பெரிய ரேடியேட்டர். டர்போ காருக்கு இன்டர்கூலர்.

5. இதன் பிறகே சக்தி. அப்போதும் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் தாங்கும் முறுக்குவிசை எவ்வளவு என்று பார்த்து, அதற்குக் கீழே நிறுத்துவது.

6. மென்பொருளைக் கடைசியில், எல்லாப் பாகமும் பொருத்திய பின், வழக்கமாக ஊற்றும் பெட்ரோலிலேயே அமைப்பது. வசதி இருந்தால் இரண்டு அமைப்புகள்: சாலைக்கு ஒன்று, தடத்துக்குச் சற்றே குறைந்த பூஸ்டும் கூடுதல் எரிபொருளும் கொண்ட ஒன்று. தடத்துக்குத்தான் குறைவானது.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடும் வழக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது. பல நாடுகளில் அது சட்டவிரோதம். நவீன எஞ்சினில் அதனால் கிடைக்கும் சக்தியும் சொற்பம். பல தடங்களில் ஒலி அளவுக்கும் வரம்பு உண்டு. டெசிபல் மானியோடு நிற்பவர் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார். மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம்.

தடத்தில் ஓடிய எஞ்சினுக்குச் சாலைக் கணக்கின்படி ஆயில் மாற்றும் இடைவெளி பொருந்தாது. இரண்டு மூன்று தட நாளுக்கு ஒருமுறை மாற்றுவது பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டித் திறந்து, காகித மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். கருமை மட்டும் இருந்தால் கவலையில்லை. மினுங்கும் துகள்கள் இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள்: ஒட்டினால் இரும்போ எஃகோ, ஒட்டாவிட்டால் பேரிங் பூச்சாகவோ பிஸ்டனின் அலுமினியமாகவோ இருக்கும். ஒட்டாத துகள் ஏராளமாகக் கிடைத்தால் அடுத்த தட நாளை ரத்து செய்து, சம்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பார்ப்பது, கிராங்க் ஷாஃப்ட்டை மாற்றுவதைவிட மலிவு.